வெட்டு உத்தரவு எழுதப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. கரும்பு ஆலையில் வேலை கிடைத்ததை நீ போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லையா என்று அம்மாவிடம் கேட்டாயாம். அப்படியெல்லாம் இல்லை கண்ணு. முப்பது வருடமாக ஆலை கேட்டுக்கு வெளியே வண்டியோடு ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவன் நான். நீ உள்ளே நாற்காலியில் உட்காரப் போகிறாய். என்ன சொல்வதென்று சட்டென்று வரவில்லை, அவ்வளவுதான்.

ஆலை வந்துதான் இந்தப் பக்கம் பணம் புழங்கியது. கரும்பு பதிவு இருந்தால் பேங்கில் பயிர்க்கடன் கிடைக்கும். அரவை தொடங்கினால் வெட்டாட்களுக்குக் கூலி, டிராக்டர்காரருக்கு வாடகை, பஞ்சர் கடையிலிருந்து டீக்கடை வரை வியாபாரம். உன் காலேஜ் ஃபீஸும் இரண்டு வருடம் கரும்பு பில்லில் கட்டியதுதான். மூன்றாம் வருடம் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனதே, அந்த வருடம் பில் வர எட்டு மாதம் ஆயிற்று. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966ஆம் வருட கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. அந்த வட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பில் என்றைக்காவது வந்துவிடும். எந்த வயலை எப்போது வெட்டலாம் என்று ஆலை கொடுக்கும் வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் போனதுதான். அதைத்தான் நீ எழுதப் போகிறாய்.

நீ ஹாஸ்டலில் இருந்த வருடம் கிணற்றடி இரண்டு ஏக்கரைப் பன்னிரண்டாம் மாதம் வெட்டியிருக்க வேண்டும். உத்தரவு வந்தது பதினைந்தாம் மாதம். அதற்குள் காற்றில் பாதி சாய்ந்து, கணுவில் வேர் விட்டு, எலி கடித்துக் கிடந்தது. ஒரு கழியை ஒடித்தால் உள்ளே பஞ்சு மாதிரி வெளுப்பு. சாய்ந்த கரும்பென்று வெட்டாட்கள் கூலியும் கூட்டிக் கேட்டார்கள். முந்தின வருடம் 80 டன் எடுத்த இடத்தில் 62 டன். கேட்டதற்கு, "உங்க முறை வரலைங்க" என்றார்கள். நம் ஊர் அந்த ஆலைக்கு ஒதுக்கிய பகுதி. வேறு ஆலைக்கு ஏற்றவும் வழியில்லை.

இன்னொன்றும் கவனி. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய், அதுவும் ரெக்கவரி, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, 10.25 சதவீதம் இருந்தால். 9.5க்குக் கீழே போனால் 329 ரூபாய் 5 பைசா. அந்த ரெக்கவரி ஆலை முழுவதற்குமான சராசரி, என் வயலுக்கென்று தனிக்கணக்கு கிடையாது. எனக்கென்று இருப்பது எடைச்சீட்டு ஒன்றுதான். தாமதம் தின்பதும் அந்த எடையைத்தான். வெட்டிய கரும்பை ஒரு நாளைக்குள் அரைக்காவிட்டால் காய்ந்து இன்னும் குறையும். அதனால் ஆலை யார்டில் எத்தனை வண்டி அரவைக்குக் காத்து நிற்கிறது என்று பார்க்காமல் உத்தரவில் கையெழுத்துப் போடாதே.

வயலைப் பார்த்து எழுதிப் போகும் ஆலை ஃபீல்டுமேன் நேற்று வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை. ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வாய்க்கால் ஓரம் சாயத் தொடங்கியது ரோட்டிலிருந்து தெரியாது. தையோடு பன்னிரண்டு மாதம் முடிகிறது.

வேலையில் சேரும் முன் நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள். செருப்போடு வயலுக்குள் இறங்கினால் கரும்புச் சோகை காலைக் கிழித்துவிடும்.

அப்பா