சொல் முடியும் வரை: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். தொலைபேசி அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை என்பதும், கையில் கிடைக்கிற எழுத்தை ஒரு வரி விடாமல் வாசித்துவிடுவீர்கள் என்பதும் நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆகவே பேச வேண்டியதை எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் திக்கிப் பேசுகிற ஒருவர் இருக்கிற வீடு இந்தத் திருநெல்வேலிச் சீமையில் நம் வீடு ஒன்றுதான் என்றில்லை. அந்த வீட்டார் கண்ணிலும் படட்டும் என்று, உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு, உங்கள் பேரனுக்கு, இப்போது ஒன்பது வயது. நான்கு வயதில் தொடங்கிய திக்கல் இன்னும் இருக்கிறது. வகுப்பில் எல்லாரும் சேர்ந்து ஆத்திசூடி சொல்லும்போது அவன் குரல் தடையில்லாமல் வருகிறது. தனியே எழுப்பி நிறுத்தினால் ‘மொழிவது அற மொழி’யின் முதல் ‘மொ’விலேயே உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒருநாள் ஆசிரியர் ஒருவர், பொறுமை இல்லாமல்தான் என்று நினைக்கிறேன், ‘சரி உட்கார், அடுத்தவன் சொல்லு’ என்று தாண்டிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. திக்கவும் இல்லை. அந்த மௌனத்தைக் கண்டுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது, ஏனென்றால் அதே மௌனத்தை நான் உங்களிடம் பார்த்து வளர்ந்தவள்.

போன கோடை விடுமுறையில் அவனுக்கு ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். டாம் ஹூப்பர் இயக்கி 2010இல் வந்த படம். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் திக்குவாயோடு போராடியதும், லயனல் லோக் என்கிற ஆஸ்திரேலியர் அவருக்குப் பயிற்சி தந்ததும்தான் கதை. ஆச்சி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய வெள்ளி ரூபாய் இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. அதில் தலை பொறித்திருக்கிற ராஜாவேதான் இவர் என்று எடுத்துக் காட்டியபோது பையன் அந்த நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே படம் முழுவதையும் பார்த்தான்.

படம் 1925இல் தொடங்குகிறது. வெம்ப்ளி மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நிற்க, அப்போது இளவரசராக இருந்த அவர் ஒலிவாங்கியின் முன் வருகிறார். முதல் சொல் வரவில்லை. வந்த அரைச்சொல்லும் ஒலிபெருக்கியில் எதிரொலித்து அவர் காதுக்கே திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை, வீட்டாரைப் பார்த்தேன். பையனின் வலது கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சொல் சிக்கும்போது அவன் செய்வது அதுதான். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அந்த ராஜாவின் சொல்லை முடித்துக் கொடுக்க அம்மாவின் உதடுகள் அசைந்தன, சித்தப்பா. ஐம்பது வருடமாக உங்கள் சொற்களை முடித்துக் கொடுத்த உதடுகள் அவை. அன்புதான் அது, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது வேறாகவும் இருந்திருக்கலாம் என்பதும், அம்மா எடுத்துக் கொடுத்த சொல்லையே போதும் என்று ஏற்றுக்கொண்டு தலையாட்டியிருப்பீர்கள் என்பதும் அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தன.

இதைவிடக் கனமான ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது, தமிழ்ப் படம் ஒன்றில் திக்குவாய்க்காரர் ஒருவரை வைத்து ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. அந்தப் படத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்நாளில் அத்தகைய காட்சி இல்லாத படம்தான் குறைவு. அவர் ஒரு சொல்லைத் தொடங்குவார், எதிரில் நிற்பவர் தவறாக முடிப்பார், கொட்டகை சிரிக்கும். நானும் அண்ணனும் அதை அப்படியே பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது நடித்துக் காட்டினோம். வீடே சிரித்தது. நீங்கள் சொதியை ஊற்றிப் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனீர்கள். ‘கொன்னவாயைப் பழித்துக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும்’ என்று ஆச்சி எங்களை அதட்டினாள். உங்கள் மனம் நோகும் என்று யாரும் சொல்லவில்லை, நோய் ஒட்டும் என்றுதான் சொன்னார்கள். அன்றைக்கு உங்களிடம் கேட்காத மன்னிப்பை இப்போது கேட்கிறேன்.

சினிமாவை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆனால் சிரிக்கலாம் என்கிற அனுமதியை அது எங்களுக்குக் கொடுத்தது என்பது உண்மை. அந்தக் காட்சிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு: திக்குகிறவர் தம் வாக்கியத்தை ஒருபோதும் முடிப்பதில்லை. அவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் படத்துக்குத் தேவைப்படுவதில்லை. ஜங்ஷனில் பஸ் ஏறி, ‘பாளையங்கோட்டை’ என்கிற சொல்லில் முதல் ‘பா’ வராது என்று தெரிந்து, ‘வண்ணார்பேட்டை’ என்று சீட்டு வாங்கி அங்கேயே இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்தே கடக்கிற ஒரு மனிதரை அந்தப் படங்கள் எதுவும் காட்டியதில்லை. நீங்கள் அப்படி நடந்தீர்கள் என்பதை அப்பா இறந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். ஊருக்கு மாற்றுச் சொல் கண்டுபிடித்துவிடலாம், தன் பெயருக்கு முடியாது. பெண் பார்க்கப் போன வீட்டில் உங்கள் பெயரைக் கேட்டபோது நடந்ததையும் அம்மா சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை.

‘தி கிங்ஸ் ஸ்பீச்’சுக்குத் திரைக்கதை எழுதிய டேவிட் சைட்லரும் சிறுவயதில் திக்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு கப்பலில் அமெரிக்காவுக்குப் போன குழந்தைகளில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில்தான் திக்கத் தொடங்கியிருக்கிறார். வானொலியில் அந்த மன்னரின் போர்க்காலப் பேச்சுகளைக் கேட்டு, ஒரு ராஜாவே இதைத் தாண்டி வரும்போது நமக்கு ஏன் முடியாது என்று நம்பிக்கை கொண்டவர். வளர்ந்த பிறகு அந்தக் கதையை எழுத மன்னரின் மனைவியிடம் அனுமதி கேட்டார். தாம் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதை மதித்து, 2002இல் அவர் மறையும்வரை காத்திருந்தார். 2011இல் ஆஸ்கர் வாங்கும்போது சைட்லருக்கு 73 வயது. உலகத்தில் திக்குகிற எல்லார் சார்பாகவும் அந்த விருதை ஏற்றுக்கொள்வதாக மேடையில் சொன்னார். தன் சொல்லுக்காக அத்தனை வருடம் காத்திருந்த ஒருவர் எழுதியதால்தான், அந்தப் படத்துக்குத் தன் நாயகனின் சொல்லுக்காகவும் காத்திருக்கத் தெரிந்திருக்கிறது.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. இடக்கைப் பழக்கத்தை மாற்றியது, தாதி கொடுமை செய்தது, தகப்பனார் அதட்டியது என்று மன்னரின் சிறுவயதுத் துன்பங்களைச் சொல்லி, அவைதான் திக்கலுக்கு வேர் என்பது போலப் படம் போகிறது. அந்தக் கட்டத்தில் என் மாமியார் கண் கலங்கி, ‘நாமதான் பிள்ளையை ஏதும் அதட்டிட்டமா?’ என்று கேட்டார்கள். இல்லை. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா எனக்கு இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: திக்கல் என்பது மூளை பேச்சை ஒழுங்குபடுத்துகிற விதத்தில் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும், குடும்ப வழியாக வருவதும் உண்டு. தொடங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது, பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் தங்கிவிடுகிறது, அவர்களில் ஆண்களே மிக அதிகம். அதட்டுவதால் திக்கல் பிறப்பதில்லை. ஆனால் அதட்டினால் அதன் பாரம் கூடும். ‘மூச்சை விட்டுட்டு மெதுவாச் சொல்லுல’ என்று நாம் அக்கறையோடு சொல்வதும் அந்தப் பாரத்தோடுதான் சேருமாம்.

படத்தில் மருத்துவர் ஒருவர் இளவரசரின் வாயில் கண்ணாடிக் கோலிகளைத் திணித்துப் பேசச் சொல்வார். அதைப் பார்த்ததும் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். தாத்தா உங்கள் வாயில் தாமிரபரணிக் கூழாங்கற்களைப் போட்டு வாசிக்க வைத்ததும், ஆச்சி வசம்பை உரசி நாக்கில் தடவியதும், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு உங்களை நடத்தியே கூட்டிப் போனதும் பிறகு பேச்சில் வந்தன. அந்த நேர்ச்சையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, செந்திலாண்டவன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த வரலாறு. அதே ஆற்றங்கரையில், ஆழ்வார்திருநகரியில், புளியமரத்தடியில் பதினாறு வருடம் பேசாதிருந்த நம்மாழ்வாரையும் நாம் அறிவோம். பேசாத பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்கு இந்த மண் கொடுத்த ஆறுதல்கள் இவை, நானும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் இரண்டு வரலாற்றிலும் மௌனம் உடைந்தால் முழுப் பாட்டு வந்துவிடுகிறது. அரைச்சொல்லோடு ஒரு வாழ்நாளைக் கடத்துகிறவருக்கு அங்கே இடமில்லை. திருச்செந்தூரிலிருந்து திரும்பி வந்தபோது உங்களுக்கு அதே திக்கல் இருந்தது. சாமியே கைவிட்டது போல எல்லாரும் உங்களைப் பார்த்ததை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

நல்ல படங்கள் இந்த இடத்தில்தான் எங்களுக்குத் துணைக்கு வருகின்றன. ராதாமோகனின் ‘மொழி’ 2007இல் வந்தபோது, காது கேளாத, பேசாத பெண்ணாக ஜோதிகா நடித்ததைப் பாளையங்கோட்டைக்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. காது கேளாதோர் பள்ளி நூறு வருடத்துக்கு மேலாக நடந்து வருகிற ஊர் அது. அந்தப் படத்தின் முடிவில் அவளுக்குப் பேச்சு வந்துவிடவில்லை, அவளைச் சுற்றி இருப்பவர்கள்தான் மாறுகிறார்கள். மலையாளத்தில் 2015இல் வந்த ‘சு சு சுதி வாத்மீகம்’ தன் தலைப்பிலேயே திக்கலை எழுதி வைத்தது. ஜெயசூர்யா அதில் திக்குகிறவரை வேலைக்குப் போகிற, ஆசைப்படுகிற, கோபப்படுகிற முழு மனிதராகக் காட்டியிருக்கிறார். சிரிப்பு அதிலும் உண்டு, ஆனால் அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். தமிழில் அப்படி ஒரு படம் வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். 1939 செப்டம்பர் 3, ஜெர்மனியோடு போர் என்று மன்னர் வானொலியில் நாட்டுக்குச் சொல்ல வேண்டும். சிறிய அறை, எதிரில் லோக் மட்டும் நிற்கிறார். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்த பிறகும் முதல் சொல் வரவில்லை. படம் அந்த மௌனத்தை அவசரப்பட்டு வெட்டிவிடவில்லை. எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவின் உதடுகள் இந்த முறை அசையவில்லை. பேச்சு முடிந்ததும், ஒரு எழுத்தில் மட்டும் இன்னும் திக்கினீர்கள் என்று லோக் சொல்வார். பேசுவது நான்தான் என்று சனங்களுக்குத் தெரிய வேண்டாமா என்பது போல மன்னர் பதில் சொல்வார். பையன் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னான், மூன்று தடவை. பிறகு என் பக்கம் திரும்பி, பெருவிரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ‘சி... சி... சின்னத் தாத்தாவும் இப்படித்தானாம்மா பேசுவாங்க?’ என்று கேட்டான். ஆமாம் என்றேன். ‘பிறகு ஏன் அவங்க என்கூடப் பேசவே மாட்டேங்காங்க?’ என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சித்தப்பா.

உங்களைப் பார்த்துப் பிள்ளைக்குத் திக்கல் கூடிவிடும் என்று எண்ணித்தான் நீங்கள் அவனிடமிருந்து ஒதுங்கி இருக்கிறீர்கள் என்று அம்மா சொல்கிறாள். அப்படி ஒட்டுகிற நோய் இது இல்லை. தன்னைப் போல ஒருவர் அறுபத்தைந்து வயதுவரை வேலை பார்த்து, தங்கையைக் கட்டிக்கொடுத்து, ஊரில் மதிப்போடு இருக்கிறார் என்பதை அவன் திரையில் பார்ப்பதைவிட, எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு எப்படியும் சாஸ்தா கோவிலுக்கு எல்லாரும் வருவோம். முதல்நாள் ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடுங்கள். உங்களிடம் கேட்க வேண்டியவற்றைப் பையன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். எழுதியதை வாசிக்காமல் வாயாலேயே கேட்கப் போகிறேன் என்கிறான். அவன் கேட்டு முடிக்கும்வரையிலும் நீங்கள் பதில் சொல்லி முடிக்கும்வரையிலும் இடையில் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று அம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். சொதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்