ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். 2024-ல் புதிய குழுக்கள் அமைந்ததிலிருந்து கூட்டங்களில் பெற்றோர் ஆர்வமாகக் கேட்கும் கேள்வி, "நம்ம பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சா டீச்சர்?" என்பதுதான். வந்துவிட்டது என்றால் எல்லோருக்கும் சந்தோஷம், பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. அது வகுப்பில் என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கருவிகள் மேல் எந்தக் கோபமும் இல்லை. பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதை நான் சாக்பீஸால் எத்தனை முறை வரைந்தாலும் பிள்ளைகளுக்குப் பாதிதான் புரியும், திரையில் அது சுற்றும்போது முழுசாகப் புரிகிறது. ஹைடெக் லேபில், அதாவது பள்ளியின் கணினி அறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு ஆங்கில வாக்கியத்தை நாலு தரம், அஞ்சு தரம் திருப்பிக் கேட்கிற பிள்ளை, வகுப்பில் என்னிடம் இரண்டாவது தரம் கேட்கவே கூச்சப்படுகிற பிள்ளை. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். பார்வை மங்கலான பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம், அதுவும் கரும்பலகையில் அத்தனை எளிதில்லை.

சரி, இப்போது பின்னத்துக்கு வருகிறேன். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று திரையில் கேள்வி வரும், கீழே நாலு விடை இருக்கும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒன்றைத் தொடுவார்கள், சிவப்பு வரும். அடுத்ததைத் தொடுவார்கள், சிவப்பு. மூன்றாவதில் பச்சை வந்ததும் ஒரே ஆரவாரம். பத்துக் கேள்வியும் இப்படியே பச்சையாகிவிடும். அதே பிள்ளைகள் கையில் ஒரு நீளத் துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, மூன்று சமபாகமாக மடி என்று சொன்னேன். பெரும்பாலோர் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, நாலு வந்துவிட்டதே என்று என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றாக மடிக்க அளவை யோசிக்க வேண்டும், தப்பினால் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். பிறகு மூன்றாக மடித்த காகிதத்தையும் நாலாக மடித்த காகிதத்தையும் பக்கத்தில் வைத்ததும், அதிகப் பங்கு போட்டால் ஒரு பங்கு சிறுத்துப்போகும் என்று ஒரு பெண் தானாகவே சொன்னாள். திரை அவளுக்குப் பச்சை விளக்கைத்தான் கொடுத்தது, விஷயம் காகிதத்தில்தான் பிடிபட்டது. அதனால் திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, காகிதத்துக்கான நேரத்தைத் திரை தின்றுவிடக் கூடாது என்கிறேன்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஏறக்குறைய 80 ஆயிரம் டேப்லெட்கள் தரும் திட்டம் வந்தது, சின்ன வகுப்புகளில் அடிப்படை வாசிப்பு, எழுத்து, கணக்கை உறுதிப்படுத்த 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளிலும் செயலி நுழைந்தது. எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் வருகைப் பதிவு, மதிப்பீடு, நலத்திட்ட விவரம் என்று எல்லாமே திரையில் ஏற்ற வேண்டியதாகி, நெட் சுற்றிக்கொண்டே இருந்தால், ஆசிரியரின் கண் பிள்ளைகள் மேல் இருக்காது. ஈராசிரியர் பள்ளிகளில் இது இரட்டைச் சுமை. ஆசிரியர் சங்கங்கள் பல வருடமாகச் சொல்லிவருவதுதான், ஆனால் பெற்றோர் சொன்னால் அதற்கு வேறு கனம் உண்டு.

ஸ்வீடனில் 2023-ல் அச்சுப் பாடப்புத்தகம் வாங்கத் தனி நிதி ஒதுக்கினார்கள், சின்ன வகுப்புகளில் திரையைக் குறைக்கும் பேச்சும் அப்போதுதான் வலுத்தது. வசதி இல்லாமல் எடுத்த முடிவில்லை அது.

நீங்கள் வெறும் கையெழுத்துப் போட வந்தவர்கள் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை உங்கள் குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையில், பாடம் நடக்கும்போது ஒருநாள் வகுப்புக்குள் வந்து உட்காருங்கள். வீடியோ முடிந்ததும் பிள்ளைகள் கையால் எதையாவது செய்கிறார்களா, பேசுகிறார்களா என்று கவனியுங்கள். போர்டு பழுதானால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நாளில் வருவார்கள் என்று கேட்டு அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பாட வேளையில் பதிவேற்றும் வேலை கூடாது என்றும் ஒரு தீர்மானம் போடுங்கள். முன்னாள் மாணவர் யாராவது இன்னொரு திரை வாங்கித் தருகிறேன் என்று வந்தால், நூலகத்துக்குப் புத்தகமும் கணக்குக்குக் கைக்கருவிகளும் போதுமான அளவு இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை