கணினிகளை மாற்றும் முன் எண்ணிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு (இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கல்லூரி வளாகங்களில் இதற்கு இரண்டே பதில்கள்தாம் கேட்கின்றன: "எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்", "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்". எந்த ஆய்வகத்தில் எந்தக் கணினி இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லப்படும் பதில்கள் இவை.

ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடித்தால் ப்ராசசர், ரேம், பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) முறை மூன்றும் ஒரே திரையில் வந்துவிடும். இன்டெல் கோர் என்றால் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். ஐ5-7500 ஏழாம் தலைமுறை, ஐ5-8400 எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு எட்டும் அதற்கு மேலும்தான் தகுதி. ஏழில் விதிவிலக்கு ஒன்றிரண்டே. ஏ.எம்.டி.யில் எண்ணை நம்பாமல் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் பெயரையே தேடுவது நல்லது.

எட்டாம் தலைமுறைக் கணினியிலும் சில சமயம் "தகுதியில்லை" என்று வரும். உடனே கழித்துக்கட்டிவிட வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புக் கூறான டிபிஎம் 2.0 உள்ளே இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும், இன்டெல்லில் பி.டி.டி., ஏ.எம்.டி.யில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்க வேண்டும். அல்லது, பழைய இமேஜை (தயாராக வைத்திருக்கும் விண்டோஸ் நகலை) போட்ட பழக்கத்தில் விண்டோஸை லெகசி என்ற பழைய தொடக்க முறையில் நிறுவியிருப்பார்கள். விண்டோஸ் 11-க்கு வேண்டியது யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை. அப்போது வட்டின் அமைப்பை எம்பிஆர் என்ற பழைய வகையிலிருந்து ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றியாக வேண்டும். தரவை அழிக்காமல் மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே உண்டு.

ஆய்வகங்களில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வட்டில் ஏற்கெனவே நான்கு பிரைமரி பார்ட்டிஷன் (வட்டுப் பிரிவு) இருந்தாலோ, டி, இ டிரைவ்கள் லாஜிக்கல் பார்ட்டிஷனாக இருந்தாலோ கருவி மறுத்துவிடும். ஆகவே முதலில் மாற்ற முடியுமா என்று சோதிக்கும் வேலிடேட் கட்டளை, தேறினால் மட்டும் கன்வெர்ட். மாற்றி முடித்த கையோடு பயாஸில் யு.இ.எஃப்.ஐ. முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கணினி பூட் ஆகாது. பிட்லாக்கர் (வட்டைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) இருந்தால் முன்கூட்டியே நிறுத்திவையுங்கள்; இல்லையேல் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் போட்ட ஆய்வகங்களில் அதை முதலில் விலக்காமல் கை வைக்கவே கூடாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு மிகப் பழையது என்றால் லெகசியை அணைத்ததும் திரை இருண்டுவிடலாம். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டிலுள்ள வெளியீட்டில் மானிட்டரைச் செருகிப் பாருங்கள். கேஸைத் திறந்த கையோடு, பயாஸ் அமைப்புகளைக் காத்துவைக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் சில போர்டுகள் லெகசிக்கே திரும்பிவிடும். கணினி கெட்டுவிட்டது என்று புகார் வரும், கெட்டது பேட்டரிதான்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் போதும் என்கிறது விதி. வகுப்புக்கு அது போதாது. 8 ஜிபியும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போடுங்கள். ரேம் வாங்கும் முன் டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று ஒரு கணினியையாவது திறந்து பாருங்கள்.

ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் என்றால், ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள்ளமைப்புப் பதிவை) திருத்தி விண்டோஸ் 11-ஐத் திணிக்கும் வித்தை இணையமெங்கும் கிடைக்கிறது. வீட்டுக் கணினிக்குச் சரி, இருநூறு கணினிக்கு வேண்டாம். ஆண்டுப் பதிப்புகள் அவற்றுக்குத் தாமாக வருவதில்லை. ஒவ்வொன்றிலும் கையால் போட வேண்டும். மிகப் பழைய ப்ராசசர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது.

இந்தக் கணினிகளில் விண்டோஸ் 10-ஐயே தொடர நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கட்டணம் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்து 2, பிறகு 4. மற்ற நிறுவனங்களுக்கு முதல் ஆண்டே 61 டாலர். இந்தச் சலுகை இருப்பது தெரியாமலே பல இடங்களில் டெண்டர் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். கணினி விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். தாமதமாகச் சேர்ந்தால் விட்டுப்போன ஆண்டின் கட்டணமும் சேரும். 2028 அக்டோபரோடு இதுவும் முடிந்துவிடும், ஆக அதற்குள் பகுதி பகுதியாக மாற்றத் திட்டமிடலாம். நிரலாக்கமும் உலாவியும் மட்டும் தேவைப்படும் ஆய்வகத்துக்கு லினக்ஸே போதும்.

ஆய்வுக் கருவிகளோடு இணைந்த கணினிகளைத் தனியாக எண்ணுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரின் டிரைவர் விண்டோஸ் 11-இல் ஓடுமா என்பதைக் கருவி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறும் வரை அவற்றைத் தொட வேண்டாம். தனி விலேனில் (பிரித்துவைத்த வலைப்பின்னலில்) வைத்து இணையத்தைத் துண்டித்து, கோப்புகளை ஓர் இடைச் சர்வர் வழியாக மட்டும் எடுக்கலாம்.

உண்மையிலேயே கழிக்க வேண்டியவற்றில் வட்டைக் கழற்றாமல் ஏலத்துக்கு அனுப்புவது இன்னும் நடக்கிறது. குயிக் ஃபார்மேட் வட்டிலுள்ள மாணவர் மதிப்பெண் பட்டியலை அழிக்காது. ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டி என்றால் அதன் செக்யூர் இரேஸ் கட்டளையைப் பயன்படுத்தி, வரிசை எண்ணோடு பதிவேட்டில் குறித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே வெளியே விட வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரிக் கணினி ஆய்வகப் பராமரிப்பில் உள்ள ஒரு வாசகர்