ஜி.பி.எஸ். பொய் சொல்லும்போது: ரேடியோ வழிகாட்டிக் கருவிகளும் வீட்டுச் சிமுலேட்டர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் போலி ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் தவறான இடத்தைக் காட்டியது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்து வந்தேன். செயற்கைக்கோளை நம்பலாமா கூடாதா என்ற கேள்வியோடு விவாதம் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் மற்ற விமானங்கள் எதை நம்பித் தடையின்றி இறங்கின என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இதற்கான விடை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலிலேயே இருக்கிறது. பத்தாம் எண் ஓடுபாதையை ஜி.பி.எஸ். முறையில் நெருங்கிய விமானங்களே பாதிக்கப்பட்டன என்றும், தரையிலுள்ள வழக்கமான வழிகாட்டிக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதை முனைகளில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை என்றும் அப்பதில் கூறுகிறது. இத்தகைய புகார்கள் வந்த விமான நிலையங்களின் வரிசையில் சென்னையும் இருந்தது. குறைந்தபட்ச அளவிலேனும் தரைக் கருவிகளின் வலையமைப்பைப் பராமரித்து வருவதாகவும் அரசு சொல்லியிருக்கிறது. கருவி தரையில் இருந்தால் மட்டும் போதுமா, அதன் முள்ளைப் படிக்கத் தெரிந்தவர் விமானி இருக்கையில் இருக்க வேண்டாமா என்பதே என் கவலை.

விமானி உரிமம் பெற விரும்புவோருக்குப் பல ஆண்டுகள் தரைப் பாடம் நடத்தியவன் நான். இன்று பயிற்சிக்கு வரும் இளைஞர்களில் பலர், முதல் நாளே வீட்டுக் கணினிச் சிமுலேட்டரில் நீண்ட பழக்கத்தோடு வருகிறார்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. சக பயிற்றுநர்கள் சிலர் அதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பழகியிருப்பது, ஜி.பி.எஸ். வழியைக் காட்டித் திரையில் ஓடும் இளஞ்சிவப்புக் கோட்டைப் பின்தொடர்வதைத்தான். கோட்டை அணைத்துவிட்டு, இரண்டு ரேடியோ முட்களை மட்டும் விட்டுவைத்து, ‘இப்போது எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்டால் பதில் வருவதில்லை. நிஜ விமானத்தில் கற்றுக்கொள்வார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. கண்ணாடித் திரைகளோடு வரும் இன்றைய சிறு பயிற்சி விமானங்கள் பலவற்றில் ஏ.டி.எஃப். என்ற திசைகாட்டும் ரேடியோ பொருத்தப்படுவதே இல்லை. ஆக, அந்தக் கருவியைக் கற்க மிஞ்சியிருக்கும் இடம் சிமுலேட்டர்தான்.

சிமுலேட்டரின் வரலாறே ரேடியோ வழிகாட்டலோடு பின்னிக் கிடக்கிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டு உருவாக்கிய பயிற்சிப் பெட்டியை, 1934-இல் தபால் விமானங்களை ஓட்டிய ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விபத்துக்குள்ளான பிறகே அந்நாட்டு ராணுவம் வாங்கியது. மூடிய பெட்டிக்குள் மாணவர் அமர்ந்திருப்பார். வெளியே மேசையில் இருக்கும் பயிற்றுநர், பாதையின் எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம் என்று உணர்த்தும் அக்காலத்து ரேடியோ பாதையின் ‘ஏ’, ‘என்’ என்ற மோர்ஸ் ஒலிகளை அவர் காதுக்கு அனுப்புவார். மேசை மீது விரித்த வரைபடத்தில் ஒரு சிறு சக்கர வண்டி ஊர்ந்து, மாணவர் ‘பறந்த’ தடத்தை மையால் கோடிழுத்துக்கொண்டே போகும். பறந்து முடித்தபின் மாணவர் அந்தக் கோட்டைப் பார்ப்பார். பறக்கும்போது பார்க்க மாட்டார். இன்றைய சிமுலேட்டர்களில் தலைகீழாகிப் போனது இந்த ஒழுங்குதான்.

கருவிகளைச் சற்று விளக்க அனுமதியுங்கள். வி.ஓ.ஆர். என்பது தரையிலிருந்து ரேடியோ அலையால் திசை அறிவிக்கும் நிலையம்; 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குவது. அது 30 ஹெர்ட்ஸ் சமிக்ஞைகள் இரண்டை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே கட்டத்தில், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் ஒரே நேரத்தில் நிகழும்படி, இருக்கும், மற்றொன்றின் கட்டம் திசைக்குத் திசை மாறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, நிலையத்திலிருந்து எந்தத் திசைக்கோட்டில் நாம் இருக்கிறோம் என்பதை விமானத்திலுள்ள கருவி சொல்கிறது. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. நின்ற இடத்திலேயே விமானத்தைச் சுற்றித் திருப்பினாலும் அதன் முள் அசையாது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். தேர்ந்தெடுத்த கோட்டிலிருந்து 10 டிகிரி விலகினால் முள் ஓரத்தில் போய் முட்டும். அந்த 10 டிகிரி, நிலையத்திலிருந்து 60 கடல் மைல் தொலைவில் ஏறத்தாழ 10 கடல் மைல் விலகலாகும். 6 கடல் மைல் தொலைவிலோ ஒரே ஒரு கடல் மைல்தான். ஒரே அளவு முள் விலகலுக்குத் தொலைவில் பொறுமையாகவும் அருகில் விரைவாகவும் பதில் செய்யும் பழக்கம், எண்ணற்ற முறை செய்து பார்த்தால்தான் கைக்கு வரும். எரிபொருள் செலவில்லாமல் அப்படிச் செய்து பார்க்கச் சிமுலேட்டரை விட்டால் வேறு வழியில்லை.

ஏ.டி.எஃப். இதற்கு நேர்மாறானது. தரையிலுள்ள எளிய ஒலிபரப்பியான என்.டி.பி. எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை விமானத்தின் மூக்கிலிருந்து கணக்கிட்டுக் காட்டுவது அது. விமானம் 350 டிகிரி நோக்கிப் பறக்கையில் முள் வலப்புறம் 40 டிகிரி காட்டினால், இரண்டையும் கூட்டி 360-ஐக் கழித்து, நிலையம் 030 டிகிரியில் இருப்பதாக மனத்துக்குள் கணக்கிட வேண்டும். முள்ளை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டே போனால் எப்படியும் நிலையத்தை அடைந்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. அடைந்தும் விடலாம், ஆனால் பக்கவாட்டுக் காற்று வீசும்போது விமானம் நேர்கோட்டில் போகாது. காற்று இடப்பக்கம் தள்ளத் தள்ள, மூக்கை மேலும் மேலும் வலப்பக்கம் திருப்பி, வில்போல் வளைந்த பாதையில் சென்று, கடைசியில் காற்றை எதிர்த்தபடி நிலையத்தைச் சேர வேண்டியிருக்கும். அந்த வளைவுக்கு உட்பட்ட பகுதியில் ஒரு மலை இருக்கலாம். 030 டிகிரிப் பாதையில் நேராகச் செல்ல வேண்டுமானால், காற்றுக்கு ஈடாக மூக்கை 040-இல் வைத்து, முள்ளை மூக்குக்கு 10 டிகிரி இடப்பக்கத்தில் நிற்கவிட வேண்டும். முள் அங்கேயே நின்றால் கணக்குச் சரி. நகர்ந்தால் திருத்தம் தேவை. இதைக் கரும்பலகையில் நாள் முழுக்க வரைந்து காட்டினாலும் பயனில்லை. சிமுலேட்டரில் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகப் பக்கவாட்டுக் காற்றை அமைத்து, வரைபடத்தை மூடிவிட்டு ஒரு முறை பறந்து, இறங்கியபின் தன் தடத்தைத் திறந்து பார்க்கும் மாணவருக்கு அது என்றைக்கும் மறக்காது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். வீட்டுச் சிமுலேட்டர்கள் பலவற்றில் ஏ.டி.எஃப். முள் நிஜத்தைவிட யோக்கியமாக நடந்துகொள்கிறது. நிஜத்தில் விமானம் சாய்ந்து திரும்பும்போது முள் தாழ்ந்த இறக்கையின் பக்கம் சரியும். ஆகவே இறக்கைகள் சமமாக இருக்கும்போதுதான் அதை நம்பிப் படிக்க வேண்டும். அருகில் இடிமேகம் இருந்தால் முள் நிலையத்தை விட்டுவிட்டு மின்னலைக் காட்டும். அந்தி நேரத்திலும் விடியலிலும் வானடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் அதை அலைக்கழிக்கும். கடற்கரையைச் சாய்வாகக் கடக்கும் அலைகள் வளைவதால் கடல் மேல் பறப்பவருக்குத் தவறான திசை கிடைக்கும். கடற்கரையோர நகரங்களிலிருந்து பறப்போர் இதை நினைவில் கொள்வது நல்லது. வி.ஓ.ஆர். அலை நேர்கோட்டில் செல்வது என்பதால் அதற்கு உயரம்தான் எல்லை: தடையில்லாத நிலப்பரப்பில் 1000 அடி உயரத்தில் சுமார் 39 கடல் மைலும், 5000 அடியில் சுமார் 87 கடல் மைலும் எட்டும். இவற்றையெல்லாம் சிமுலேட்டர் தானாகக் கற்றுத் தராது. மேலும், அதன் தரவுத்தளம் பழையதாக இருந்தால், நிஜத்தில் மூடப்பட்டுவிட்ட நிலையங்களும் திரையில் ஒலித்துக்கொண்டே இருக்கும். நிஜ விமானங்களின் தரவு 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது எதற்காக என்பது அப்போது புரியும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, நிலையம் தன் பெயரைச் சொல்ல ஒலிக்கும் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்டு உறுதி செய்யும் பழக்கத்தை. வி.ஓ.ஆர். சமிக்ஞை கெட்டால் கருவியில் எச்சரிக்கைக் கொடி விழும். சாதாரண ஏ.டி.எஃப். கருவியில் அப்படி ஒரு கொடி கிடையாது. நிலையம் நின்றுபோனாலும் முள் கடைசியாகக் காட்டிய திசையிலேயே அப்பாவியாக நிற்கலாம். அதனால்தான் என்.டி.பி.யை நம்பி இறங்கும்போது அதன் ஒலியைப் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். கணினி யுகத்தில் இதெல்லாம் எதற்கு என்போருக்கு 1995 டிசம்பர் 20-ஆம் தேதி கொலம்பியாவில் நடந்ததை நினைவூட்டுகிறேன். காலி நகரில் இறங்கவிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானத்தின் விமானிகள், ரோசோ என்ற என்.டி.பி.க்குச் செல்வதற்காக வழிச்செலுத்தல் கணினியில் ‘ஆர்’ என்ற எழுத்தைத் தட்டினார்கள். அதே எழுத்தை அடையாளமாகக் கொண்ட, போகோட்டா அருகிலிருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையத்தைக் கணினி எடுத்துக்கொண்டது. இரவு நேரம், மலைப் பள்ளத்தாக்கு; விமானம் இடப்பக்கம் திரும்பியது. விமானிகள் பிசகை உணர்ந்து மீளத் திரும்புவதற்குள் மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். கருவி எதுவும் பழுதாகவில்லை. தேர்ந்தெடுத்த நிலையம் தான் நினைத்த நிலையம்தானா என்று சரிபார்க்கும் அந்தச் சில விநாடிகள்தான் விடுபட்டன. சிமுலேட்டரில் ஒலியை அணைத்துவிட்டுப் பறக்கும் இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பழையது எல்லாம் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. என்.டி.பி. நிலையங்கள் உலகெங்கும் மூடப்பட்டு வருகின்றன. அதற்காக வருந்த எனக்குக் காரணமும் இல்லை. அமெரிக்காவில் 896 ஆக இருந்த வி.ஓ.ஆர். நிலையங்களையே 2030-க்குள் சுமார் 590 ஆகக் குறைக்கிறார்கள். ஆனால் அந்த 590-ஐ வைத்துக்கொள்வதற்கான காரணத்தை அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்: ஜி.பி.எஸ். செயலிழந்தால் எந்த விமானமும் 100 கடல் மைலுக்குள் ஒரு விமான நிலையத்தில் பாதுகாப்பாக இறங்க முடிய வேண்டும். ஆகவே தொடக்க மாணவர் முதலில் வி.ஓ.ஆர்.-ஐயும், தொலைவு காட்டும் டி.எம்.இ.-ஐயும் நன்கு கற்கட்டும். ஏ.டி.எஃப். அடுத்து வரட்டும், மூக்கின் திசையையும் நிலையத்தின் திசையையும் சேர்த்து மனத்தில் வரைபடமாக்கிக்கொள்ளும் பயிற்சியை வேறெந்தக் கருவியும் அவ்வளவு கறாராகத் தருவதில்லை என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

தங்கள் கல்விப் பக்கத்தில் விமானி ஆவது எப்படி என்ற கட்டுரைகள் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் கட்டணம், கல்வித் தகுதி, கண்பார்வை பற்றியெல்லாம் இருக்கிறது. சிமுலேட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்பது இல்லை. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு, ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும், அதிலுள்ள பழைய பாணி செஸ்னா 172 விமானத்தில் வி.ஓ.ஆர்., ஏ.டி.எஃப். இரண்டும் உண்டு என்பதையும் அப்பக்கத்தில் சொல்லலாம். பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவரைத் தனியாக நெடும்பயணத்துக்கு அனுப்பும் முன், சிமுலேட்டரில் ஜி.பி.எஸ்.-ஐயும் வரைபடத் திரையையும் அணைத்து, அவர் அறியாத ஓரிடத்தில் விமானத்தை நிறுத்திவைத்து, இரண்டு வி.ஓ.ஆர். கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் காகித வரைபடத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற விமானப் பயிற்சித் தரைப்பாட ஆசிரியர்,
சென்னை.