சொட்டுக் காபியின் உறவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான, உலக நாடுகளின் காபி தயாரிப்பு முறைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எத்தியோப்பியாவின் ஜெபனா என்னும் மண்குடுவை, யுனெஸ்கோ 2013-இல் அங்கீகரித்த துருக்கியக் காபி மரபு, 1933-இல் வந்த இத்தாலிய மோகா பாத்திரம் எல்லாம் விரிவாக இருந்தன. ஆனால் நம் ஃபில்டர் காபிக்கு "தமிழருக்கே உரியது" என்ற ஒற்றை வரிதான். பெருமையாக இருக்கலாம், வரலாறாக அது போதாது. கொதிநீர் தூளின் வழியே தானாக இறங்கும் இம்முறை, 1800-ஐ ஒட்டிப் பாரீசில் பரவிய டி பெல்லாய் பாத்திரத்திலும் உண்டு, வியட்நாமின் ஃபின் வடிகட்டியிலும் உண்டு. சிக்கரி கலந்த டிக்காக்ஷனும் காய்ச்சிய பாலும் சேரும் இடத்தில்தான் நம் தனித்தன்மை இருக்கிறது.

வியட்நாமின் சைகோனிலும் மலேயாவின் பினாங்கிலும் நகரத்தார் கடை நடத்திய காலம் செட்டிநாட்டுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பத்தாவின் பித்தளை ஃபில்டருக்குப் பக்கத்திலேயே, ஐயா மலேயாவிலிருந்து கொண்டுவந்த நீளக் காம்புத் துணி வடிகட்டியும் தொங்கும். விருந்தாளி அதிகமானால் துணி வடிகட்டிதான் கைகொடுக்கும்! இத்தகைய பொருட்கள் இன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அலங்காரத்துக்கென விலைபோகின்றன. கானாடுகாத்தான், காரைக்குடிப் பகுதிகளில் விடுதிகளாக மாறியுள்ள பெரிய வீடுகள் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாமல், எந்த ஊரிலிருந்து வந்தவை என்ற குறிப்புடன் வைத்து, அவற்றிலேயே காபி இறக்கி விருந்தினருக்குத் தரலாம். சுற்றுலாத் துறை இதற்கு ஊக்கமளிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி