அலார்பஸின் சாவை விட்டுவிட்டு இந்நாடகத்தைப் படிக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ நாடகத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைக் கவனத்துடன் படித்தேன். கோத் இனத்தாரின் அரசி தமோராவும் அவளுடைய காதலன் ஏரனும் சேர்ந்து ஒரு நல்ல ரோமானியக் குடும்பத்தைச் சீரழித்த கதை என்று கட்டுரையாளர் அதைச் சுருக்கிவிட்டு, எஞ்சியவை வெறும் இரத்தக் காட்சிகள் என்று முடித்திருக்கிறார். இத்தகைய தீர்ப்பு புதியதன்று. 1687-இல் இந்நாடகத்தைத் திருத்தி அச்சிட்ட எட்வர்ட் ரேவன்ஸ்கிராஃப்ட் மூல நாடகத்தைக் குப்பைக் குவியல் என்றார், 1927-இல் டி. எஸ். எலியட் இதுவரை எழுதப்பட்ட மிக மடத்தனமான நாடகங்களுள் ஒன்று என்றார். அவர்கள் நாடகத்தின் தரத்தைக் குறை கூறினார்கள். அது அவரவர் சுவை. ஆனால் தங்கள் கட்டுரையாளர் பழி எங்கிருந்து தொடங்கியது என்பதையே மாற்றிச் சொல்கிறார். அதை மறுக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாடகத்தின் முதல் கொலையைச் செய்பவர்கள் டைட்டஸின் வீட்டார். கோத் இனத்தாருடனான பத்தாண்டுப் போரை முடித்துத் திரும்பும் அந்தப் படைத்தலைவனின் 25 மகன்களில் நால்வரே உயிரோடு இருக்கிறார்கள். போரில் மாண்ட பிள்ளைகளைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யும் வேளையில், சிறைப்பட்டவர்களுள் மேலான ஒருவனைத் தம் சகோதரர்களின் ஆவிகளுக்குப் பலியிட வேண்டும் என்று மூத்த மகன் லூசியஸ் கேட்கிறான். தமோராவின் தலைமகன் அலார்பஸைத் தந்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். தாய் மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். நாட்டுக்காகப் போரிட்டது உன் பிள்ளைகளுக்குப் பெருமை என்றால் என் பிள்ளைகளுக்கும் அதுவே பெருமையல்லவா என்று அவள் கேட்கும் கேள்விக்கு டைட்டஸிடம் விடை இல்லை. இறந்தவர்களின் சகோதரர்கள் சமய முறைப்படி கேட்கிறார்கள், பொறுத்துக்கொள் என்கிறார். சற்று நேரத்தில் பிள்ளைகள் இரத்தம் தோய்ந்த வாளுடன் திரும்பி வந்து, உறுப்புகளைத் துண்டித்து நெருப்பில் இட்டுவிட்டோம் என்று தந்தையிடம் சொல்கிறார்கள்.

ரோமானியர்கள் மனிதப் பலியைப் பிறரின் காட்டுமிராண்டித்தனமாகக் கருதியவர்கள், கி.மு. 97-இல் அவர்களுடைய செனட் சபை அதைத் தடையும் செய்தது. கதையோ முழுக்க முழுக்கக் கற்பனை. டைட்டஸ் என்று இப்படி ஒரு படைத்தலைவர் வரலாற்றில் இருந்ததில்லை. அப்படியிருக்க, நாடகத்தின் வாயிலிலேயே இக்கொடுமை ரோமானியர் கையில் கொடுக்கப்பட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. 1594-இல் அச்சான முதல் பதிப்பில், கோத் கைதி ஒருவன் ஏற்கெனவே பலியிடப்பட்டுவிட்டதாகச் சொல்லும் சில வரிகள் எஞ்சியுள்ளன. அவை பின்வரும் காட்சியோடு முரண்படுவதால், பலிக் காட்சி பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று பதிப்பாசிரியர்கள் கருதுகிறார்கள். அது சரியென்றால், தாயின் மன்றாட்டை நாம் கேட்டே ஆக வேண்டும் என்று எண்ணித்தான் அது எழுதி இணைக்கப்பட்டிருக்கிறது. அந்த மன்றாட்டைத் தமோரா மறப்பதில்லை. பிற்பாடு காட்டில் டைட்டஸின் மகள் லவீனியா அவள் காலடியில் கெஞ்சும்போது, உங்கள் சகோதரனுக்காக நான் வீணாகக் கண்ணீர் வடித்ததை நினைத்துப் பாருங்கள் என்றுதான் தன் மகன்களை ஏவுகிறாள். அவள் செய்வதை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு பாவமும் அறியாத பெண்ணைத் தன் மகன்களின் வெறிக்கு ஒப்புக்கொடுப்பதற்கு எந்தத் துயரமும் நியாயமாகாது.

குடும்பப் பற்று என்று கட்டுரையாளர் போற்றும் அந்தப் பண்பையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பலி முடிந்து சிறிது நேரமே ஆகியிருக்கும். பேரரசனாகிய சாட்டர்நைனஸுக்கு லவீனியாவை மணமுடித்துத் தர டைட்டஸ் வாக்களிக்கிறார். அவளோ அரசனின் தம்பி பாசியானஸுக்கு ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்டவள். தங்கையைக் காக்க வழிமறித்து நின்ற மூசியஸைத் தந்தையே வெட்டிக் கொல்கிறார். கொன்றதோடு நில்லாமல், அவனுக்குக் குடும்பக் கல்லறையில் இடமில்லை என்றும் மறுக்கிறார். தம்பி மார்க்கஸும் எஞ்சிய பிள்ளைகளும் மண்டியிட்ட பிறகே இசைகிறார். மாண்ட பிள்ளைகளின் ஆவி அமைதி பெற அயலான் ஒருவனைப் பலியிட்டவர், உயிரோடு நின்ற பிள்ளையைத் தன் சொல்லின் மதிப்புக்காகக் கொல்கிறார் என்றால், அவர் காத்தது குடும்பத்தை அன்று, குலப்பெருமையைத்தான்.

இதே குடும்பத்தில் உண்மையான பாசமும் உண்டு. அதனால்தான் நாடகம் நெஞ்சை வருத்துகிறது. ஒரு கையை வெட்டி அனுப்பினால், சிறைப்பட்டிருக்கும் டைட்டஸின் மகன்கள் குவின்டஸும் மார்ஷியஸும் விடுவிக்கப்படுவார்கள் என்று ஏரன் பொய் சொல்லும்போது, டைட்டஸும் லூசியஸும் மார்க்கஸும் என் கை, என் கை என்று போட்டியிடுகிறார்கள். டைட்டஸ் மற்ற இருவரையும் கோடரி எடுத்துவர அனுப்பிவிட்டுத் தன் கையைக் கொடுத்துவிடுகிறார். திரும்பி வருவது இரு பிள்ளைகளின் தலைகளும் அந்தக் கையுமே. அழுது தீர்ந்த அவர் அங்கே சிரிக்கிறார். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறிய ஈக் காட்சி இதைத் தொடர்ந்து வருகிறது. உணவு மேசையில் மார்க்கஸ் ஓர் ஈயைக் கொன்றதும், அந்த ஈக்கும் தாய் தந்தை இருந்தால் என்ன செய்வார்கள் என்று டைட்டஸ் பதறுகிறார். அது ஏரனைப் போல் கறுத்த ஈ என்று மார்க்கஸ் சொன்ன மறுகணம் கத்தியை வாங்கித் தாமும் அதைக் குத்துகிறார். பழி மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி எந்த நாடகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மதுரையை எரித்த கண்ணகியும், பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேருமாறு தீக்கு ஆணையிட்டாள் என்பதை அறிந்தவர்கள் நாம். டைட்டஸின் பழிக்கு அத்தகைய எல்லை எதுவும் இல்லை. தமோராவின் இரு மகன்களைக் கொன்று, அவர்களின் தசையைச் சமைத்துத் தாய்க்கே விருந்தாகப் படைப்பதோடு அது நிற்பதில்லை. அதே விருந்தில் சொந்த மகளையும் கொல்கிறது. கி.மு. 449-இல் வெர்ஜினியஸ் தன் மகளைக் கொன்ற கதையை டைட்டஸ் முன்னுதாரணமாகக் காட்டுகிறார். ஆனால் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் வரலாற்றில் அந்தத் தந்தை கொல்வது, அதிகாரம் படைத்த ஒருவனிடம் மகள் சிக்காமல் இருப்பதற்காக; இங்கே கொலை நடப்பது கொடுமை நிகழ்ந்து முடிந்த பிறகு, தந்தையின் அவமானம் தீர. நாவும் கைகளும் இழந்த நிலையில், கோலை வாயில் கவ்வி மணலில் கயவர்களின் பெயரை எழுதிக் காட்டியவள் லவீனியா. அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கட்டுரையாளர் இக்கொலையைத் ‘தந்தையின் கருணை’ என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஏரன் கொடியவன்தான்; தன் குற்றங்களுக்கு இறுதிவரை வருந்தாதவன். இருப்பினும், தமோரா பெற்று, கறுப்பாகப் பிறந்ததற்காகக் கொன்றுவிடுமாறு அனுப்பிய குழந்தையை, வாளை உருவிக்கொண்டு காப்பவன் அவன் ஒருவனே. அந்தக் குழந்தையின் உயிருக்கு ஈடாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்.

1955-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பீட்டர் புரூக் இந்நாடகத்தை மேடையேற்றியபோது, விவியன் லீ ஏற்ற லவீனியாவின் காயங்களைச் சிவப்பு நாடாக்களால் உணர்த்தினார். பிற்காலத்தில் லண்டன் குளோப் அரங்கில் லூசி பெய்லியின் தயாரிப்பில் இரத்தம் இரத்தமாகவே காட்டப்பட்டு, பார்வையாளர்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். எந்த முறையில் காட்டினாலும், அலார்பஸின் தாய் கேட்கும் கேள்வி அரங்கில் ஒலித்தாக வேண்டும். ஏனெனில் பலி கேட்ட அதே லூசியஸ்தான் கடைசியில் பேரரசனாகிறான். ஏரனை மார்பளவு மண்ணில் புதைத்துப் பட்டினி போடுமாறும், தமோராவின் உடலை அடக்கம் செய்யாமல் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் எறியுமாறும் ஆணையிடுபவன் அவனே. இவ்விரண்டையும் கட்டுரையாளர் ஒரு வரியிலும் குறிப்பிடவில்லை. அக்கட்டுரைக்குத் தொடர்ச்சி வெளிவருமானால், முதல் அங்கத்துக்கும் லூசியஸின் இந்த ஆணைகளுக்கும் உரிய இடம் தருமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்