பூனை கத்தினால் வயிற்றுவலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தை என் பேத்தி ஒரு வாரமும் விடமாட்டாள். நாய், பூனை வளர்ப்பு பற்றி வரும் குறிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். என்ன தீனி, எப்போது தடுப்பூசி, உண்ணி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. பூனை பருவத்துக்கு வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. பூனை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகும் கேள்வி அது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மீனுவுக்கு அப்போது ஆறு மாதம்கூட நிறையவில்லை. மாசி மாதத்தில் ஒரு ராத்திரி கத்த ஆரம்பித்தது. கைக்குழந்தை அழுவதுபோல விட்டுவிட்டு ஒரு கத்தல். பகலில் தரையில் புரண்டது. முதுகைத் தடவினால் முன்பக்கத்தைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒதுக்கிக்கொண்டு பின்னங்கால்களால் தரையை மிதித்தது. "பூனை அழுதா வீட்டுக்கு ஆகாது, எங்கயாவது கொண்டுபோய் விட்டுருங்க" என்றார்கள் பக்கத்து வீட்டில். ஒன்பது வயதுப் பேத்தி கண்கலங்கி, "மீனுவுக்கு வயிறு வலிக்குதா அப்பத்தா?" என்று கேட்டாள். முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் நடத்திய நான், "ஆமாம்மா, சரியாப்போயிரும்" என்று சொல்லிவிட்டேன். சற்று நேரத்தில் அடுக்களையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பிள்ளை பூனையின் வாயைத் திறந்து ஓமத்தண்ணீர் ஊற்றப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு மனது சுருக்கென்றது.

அன்று மாலையே அவளை உட்காரவைத்துச் சொன்னேன். மீனுவுக்கு நோய் எதுவும் இல்லை. குட்டி உண்டாவதற்கு அதன் உடம்பு தயாராகிவிட்டது. அதை அக்கம்பக்கத்துக் கடுவன் பூனைகளுக்குக் கத்திச் சொல்கிறது. "அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றாள். கண்ணில் படும் வெளிச்சத்திலிருந்து தொடங்கினேன். பகல் நீண்டு இரவு சுருங்கும்போது, இருட்டில் சுரக்கும் மெலட்டோனின் குறைகிறது. அது குறைந்ததும் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ரத்தத்தின் வழியாகச் சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் மறுபடி மூளைக்குப் போய்த்தான் பூனையைக் கத்தவும் புரளவும் வைக்கிறது. ரத்தத்தில் கலந்து இப்படித் தூண்டிவிடும் சுரப்புகளைத்தான் ஹார்மோன் என்கிறோம். அந்தச் சொல்லை 1905-ல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் முதலில் பயன்படுத்தியபோது, தூண்டிவிடுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார்.

"அப்ப லைட்டை அணைச்சுட்டா மீனு கத்தாதா?"

வகுப்பில் எந்தப் பிள்ளையும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதாக நினைவில்லை. ஓரளவு உண்மையும் அதுதான். குளிர் நாடுகளில் பகல் மிகவும் குறுகும் மாதங்களில் பூனைகளுக்குப் பருவம் நின்றுபோகிறது. எங்கள் திண்டுக்கல் பக்கம் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். வீட்டில் ராத்திரி பத்து மணிவரை டியூப்லைட் வேறு எரிகிறது. நம் ஊர்ப் பூனைகளுக்கு அந்த ஓய்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கத்தல் ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும், இணை சேராவிட்டால் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும் என்று சொன்னேன். கதவைச் சாத்தி மீனுவை உள்ளேயே வைத்திருந்தோம். பேத்தி தினசரி காலண்டர் தாளில் கத்திய நாளுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தாள். சொன்னபடியே திரும்ப வந்தபோது அவளுக்கு வந்த பெருமையைப் பார்த்திருக்கவேண்டும்!

பெரிய பேத்திக்குப் பதின்மூன்று வயது. "பூனைக்கும் பீரியட்ஸா?" என்று மெதுவாகக் கேட்டாள். பெரியவர்களும் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். பெண்களுக்குக் கரு தங்காதபோது கருப்பையின் உள்படலம் உதிர்ந்து உதிரமாக வருகிறது. பூனை கத்தும் நாட்களோ கரு தங்கக்கூடிய நாட்கள். அப்போது அதற்கு ரத்தம் படுவதில்லை, பட்டால் மருத்துவரிடம் காட்டவேண்டும். நாய்க்குப் படும் ரத்தமும் மாதவிடாய் கிடையாது, அது இணைசேரும் நாட்களுக்கு முன்னால் வருவது. இன்னொன்றும் சொன்னேன். பெண்களுக்கு மாதம் ஒருமுறை சினைமுட்டை தானாக வெளிவருகிறது. பூனைக்குப் பெரும்பாலும் இணை சேர்ந்த பிறகே, ஓரிரு நாளில் வெளிவருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேர்ந்திருந்தால், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்கலாம். இருவரும் வாய்பிளந்து கேட்டார்கள். தன் உடம்பைப் பற்றி என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பெரியவள், அன்று ராத்திரி அதையும் கேட்டாள்.

நம் பாடநூலில் ஹார்மோன் பாடம் இருக்கிறது. ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில், "இதை வீட்டுல படிச்சுக்குங்க" என்று தாண்டிப்போவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மாடு வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கூச்சம் இல்லை. 21 நாளுக்கொருமுறை மாடு பருவத்துக்கு வருவதும், கத்தினால் சினை ஊசிக்கு ஓட்டிப்போவதும் பிள்ளைகள் முன்னால்தான் நடக்கிறது. பூனை என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

மூடிக்கொள்வதன் பலனைத் தெருவில் பார்க்கிறேன். குட்டிதானே என்று நினைத்த பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடுகிறது. ஏறக்குறைய 65 நாளில் நாலு குட்டி. பால் குடிக்கும் குட்டிகள் இருக்கும்போதே அடுத்த சினை. பிறகு சாக்கில் கட்டிக் குளத்தங்கரையில் விட்டுவிட்டு வருகிறார்கள். கத்தலை நிறுத்த யாரோ சொன்ன ஹார்மோன் மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டிலும் வாங்கப் பார்த்தார்கள், நான்தான் தடுத்தேன். அதனால் கருப்பையில் சீழ் கட்டலாம், மடியில் கட்டி வரலாம்.

மீனுவுக்குக் கருத்தடை அறுவை செய்யப் போனபோது மருத்துவர், "கடைசியா எப்ப கத்துச்சு?" என்று கேட்டார். சின்னவள் பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்துத்தான் கத்தல் இல்லாத ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதையெல்லாம் நாலைந்து வாரம் எழுதவையுங்கள். 'கூடல்' என்று பூசி மெழுகாமல், பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதச் சொல்லுங்கள். சின்னவளின் அடுத்த கேள்வியையும் இத்துடன் அனுப்புகிறேன்: கடுவன் பூனைக்கும் இப்படி நாள்கணக்கு உண்டா? கிடையாது, பெட்டையின் வாசமும் குரலும் எட்டினால் போதும் என்று நான் சொல்லிவிட்டேன். உங்கள் பக்கத்தில் அச்சில் வந்தால்தான் நோட்டில் ஒட்டுவேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.